ஒன்பது கிராம், நான்கு கிராம்

பட்டறையில் அவளை எல்லாரும் அளவுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் அது கேலிப் பெயர். ராணுவத்தின் ஆயுதப் பட்டறைக்குத் துப்பாக்கி பழுதுபார்க்க ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்றதும் அங்கிருந்த நாற்பது ஆண்களுக்கும் திடீரென்று நகைச்சுவை பொத்துக்கொண்டு வந்தது. "மிக்ஸி ரிப்பேர் அடுத்த தெருவுலம்மா" என்றார் கிடங்குக்காரர், முதல் நாள் காலையிலேயே. அவள் நேராக அவருடைய கிடங்குக்குள் போனாள். அவர் 'சரிபார்த்தாயிற்று' என்று சீட்டு ஒட்டி அடுக்கியிருந்த முப்பது ரைஃபிள்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, தன் மேசைக்குக் கொண்டுபோனாள்.

அவளிடம் கட்டைவிரல் பருமனில் இரண்டு எஃகுக் கட்டைகள் இருந்தன. தோட்டா உட்காரும் அறைக்குள் ஒன்றை வைத்தால், பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூட வேண்டும். மற்றதை வைத்தால் மூடக் கூடாது. இரண்டாவதற்கும் மூடிவிட்டால் உள்ளே தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். என்றைக்காவது ஒருநாள் தோட்டாவின் உறை பின்பக்கமாகக் கிழிந்து, சுடுகிறவனின் முகத்தில் வெடிக்கும். இரண்டு கட்டைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடி அளவுகூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் பதினோரு ரைஃபிள்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். ஃபோர்மேன் வந்து பதினொன்றையும் மறுபடி அளந்து பார்த்தார். பிறகு கிடங்குக்காரரைப் பார்த்தார். கிடங்குக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகும் பெயர் மாறவில்லை. சொல்கிற விதம்தான் மாறியது.

அவளுக்கு அது வேலை மட்டுமில்லை, சுபாவமும்தான். திருமணமான புதிதில் மாமியார் ஆசையாகத் திரைச்சீலை தைத்து ஜன்னலில் மாட்டிவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "இடது பக்கம் ரெண்டு விரல் இறங்கியிருக்கு அத்தை" என்றாள். ஒரு வாரம் அந்த வீட்டில் பேச்சு பட்டும் படாமலும்தான் நடந்தது. புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

அந்தப் புருஷனை அவள் பிடித்ததும் பட்டறையில்தான். அவன் சிப்பாய். ஆறடிக்கு மேல் உயரம். படைப்பிரிவில் நெட்டையன் என்று பெயர். பயிற்சி முடிந்து ரைஃபிளை ஒப்படைக்க வரிசையில் வந்து நின்றான். அவள் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தாள்.

"சுத்தம் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"எப்போ?"

"போன ஜென்மத்துல" என்றான் பின்னால் நின்றவன்.

வரிசையே சிரித்தது. நெட்டையன் சிரிக்காமல் ரைஃபிளை வாங்கிக்கொண்டு போனான். அன்று மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டான். நான்காவது முறை அவள் தலையாட்டியபோது வரிசையில் வேறு யாருமே இல்லை. அடுத்த மாதம் முறை இல்லாத ஒரு நாளில் அதே ரைஃபிளோடு வந்து நின்றான்.

"இதுல பழுது ஒண்ணுமில்லையே."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"பழுதில்லைன்னு நீங்க சொல்லிக் கேக்கத்தான்."

அவள் எஃகுக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். கிடங்குக்காரர் இருமினார். அவ்வளவுதான் அவர்களுடைய காதல் கதை.

ஒன்பது வருஷம் வாழ்ந்தார்கள். குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊரார்தான் அதிகம் பேசினார்கள். அவர்கள் இருவரும் ராத்திரிச் சாப்பாட்டின்போது பேசியதெல்லாம் பெரும்பாலும் துப்பாக்கிகளைப் பற்றி. மற்ற வீடுகளில் பக்கத்து வீட்டு வம்பு பேசுவதைப்போல இவர்கள் துப்பாக்கி வம்பு பேசினார்கள்.

ஒன்பதாவது வருஷம் புதிய ரைஃபிள்கள் வந்தன.

அதுவரை படையில் இருந்தது பழைய போர் ரைஃபிள். ஒரு மீட்டருக்கு மேல் நீளம், தோட்டா போடாமலேயே நாலரைக் கிலோ. மேகசினில் இருபது தோட்டா. அந்தத் தோட்டாவின் குண்டு ஒன்பதரை கிராம். எழுநூறு மீட்டர் தூரத்தில் நிற்கிறவனையும் விடாது. ஆனால் சுடுகிறவன் தோளையும் சும்மா விடாது. விசையைப் பிடித்தபடியே தொடர்ந்து சுடவும் அதில் வழி உண்டு. ஆனால் மூன்றாவது குண்டுக்கே குழல் வானத்தைப் பார்க்கும் என்பதால், பட்டறையிலேயே அதற்கான நெம்புகோலை அடைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றாகத்தான் சுட வேண்டும். இப்போது வந்தது தாக்குதல் ரைஃபிள். ஒரு கிலோ குறைவு, ஒரு சாண் குட்டை, மேகசினில் முப்பது. தோட்டா பாதி எடைதான்; அதனால் அதே சுமைக்கு இரண்டு மடங்கு எடுத்துப்போகலாம். தொடர்ந்து சுட்டாலும் கைக்குள் அடங்கி நிற்கும். குண்டு வெறும் நான்கு கிராம். வேகமாகப் போகும், கெட்டியான எதிலாவது பட்டால் உடைந்து சிதறும். சண்டை முந்நூறு மீட்டருக்குள்தான் நடக்கும் என்ற கணக்கில் செய்த துப்பாக்கி அது.

சிப்பாய்கள் பழையதற்குப் பெரியவன் என்றும் புதியதற்குச் சின்னவன் என்றும் பெயர் வைத்தார்கள்.

"பசங்க குதிக்கிறாங்க" என்றான் நெட்டையன், தட்டின் முன் உட்கார்ந்தபடி. "பொம்மை மாதிரி இருக்கு. தோள்ல மாட்டினா மாட்டினதே தெரியல."

"பொம்மைதான்" என்றாள் அவள்.

"ஏன், உனக்குப் பிடிக்கலையா?"

"இருநூறுல பதினேழு மேகசின்ல ஸ்பிரிங் தளர்ச்சி. சோதனை சுட்டப்போ நடுவுலயே நின்னுபோச்சு."

"அதான் மாத்திட்டீங்களே."

"மாத்தியாச்சு."

ஆனால் அவள் மனதில் அந்தப் பதினேழு நின்றுவிட்டது. இத்தனை வருஷமாகத் தன் கையால் அளந்து அனுப்பிய பெரியவன்களில் ஒன்றுகூட நடுவில் நின்றதாகச் சேதி வந்ததில்லை. துப்பாக்கியைப் பார்க்கும்போது அவள் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது பிடித்தவனைக் கைவிடுமா, விடாதா? அந்தக் கேள்விக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதில் தேடினாள். எதிரில் இருப்பவனைத் தாண்டி அவனுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்ற கேள்வி அவள் மேசைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பட்டறையில் யார் மேசைக்கும் வந்ததில்லை.

பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மட்டும், தூரக் குறிக்காக, பெரியவனையே வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. நெட்டையனின் குழு மலைக் காவலுக்குப் போக இருந்தது. குழுத் தலைவர் அவனைக் கேட்டார். குறி பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. சுமக்கவும் உடம்பு இருந்தது.

"நான் மாட்டேன்னு சொல்லலாம்னு இருக்கேன்" என்றான் வீட்டில். "மலையில அதைத் தூக்கிட்டு ஏறினா முதுகு போயிடும். இன்னொருத்தனும் தயாரா இருக்கான்."

"நீங்களே வாங்கிக்கோங்க."

"ஏன்?"

"நடுவுல நின்னா என்ன பண்ணுவீங்க?"

"நிக்காதும்மா. நீதானே ஸ்பிரிங் மாத்தினே."

"இருந்தாலும்."

அவன் அவளையே பார்த்தான். இருந்தாலும் என்ற சொல் அவள் வாயில் வருகிற சொல்லே இல்லை. பிறகு, "சரி, முதுகுக்குத் தைலம் நீதான் தேய்க்கணும்" என்றான்.

மறுநாள் அவள் அடுக்கிலிருந்த நூற்றுச் சொச்சம் பெரியவன்களில் தேடி ஒன்றை எடுத்தாள். குழல் புத்தம் புதிதுபோல இருந்தது. போல்ட்டையும், தோளில் அணைக்கும் பிடங்கையும் தானே மறுபடி பொருத்தினாள். அவன் கை நீளத்துக்குத் தோதாகப் பிடங்கின் பின்னால் ஒரு விரல் கனத்துக்குக் கட்டை சேர்த்தாள். சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்தாள். அதன் எண் அவளுக்கு அப்போதே மனப்பாடமாகிவிட்டது.

"இது உங்களைக் கைவிடாது" என்று சொல்லி அவன் கையில் கொடுத்தாள்.

கைவிடவில்லை. அதுவரை உண்மை.

நான்கு மாதம் மலையில் இருந்தார்கள். அதன் பிறகு, அவசரம் என்று சொல்லி, அந்தக் குழுவை இறக்கி எல்லை ஓரத்து ஊர் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். இரண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள். அங்கே எழுநூறு மீட்டர் தூரத்துக்குக் கண்ணுக்குத் தெரிவது வானம் மட்டும்தான். பெரியவனைத் திருப்பிக் கொடுத்துச் சின்னவனை வாங்கிக்கொள்ள நேரம் இருக்கவில்லை.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, ஒரு வீட்டின் நடையில், எதிர்முனையிலிருந்து ஒருவன் இவர்களைப் பார்த்துச் சுட்டான். இவர்கள் நான்கு பேர் திருப்பிச் சுட்டார்கள். அவன் பின்கதவு வழியாகக் கூரை ஏறி ஓடிவிட்டான். நடையின் கோடியில் இருந்தது ஒரு குறுக்குச் சுவர். உள்ளே துளை உள்ள மலிவான செங்கல்லால் எழுப்பிய, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இறந்து கிடந்தாள்.

நான்கு பேரையும் விசாரணை முடியும்வரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நெட்டையன் வந்து மூன்று நாள் வீட்டோடு கிடந்தான். சாப்பிட்டான், படுத்தான், எழுந்தான். நான்காம் நாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது, கதவோரமாக நின்று சொல்ல ஆரம்பித்தான். அவள் ஒரு செருப்போடு நின்றபடியே முழுவதையும் கேட்டாள்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் சுட்டேன்" என்றான் கடைசியில். "அவங்க மூணு பேரும் சேர்ந்து முப்பது, நாப்பது சுட்டிருப்பாங்க. சின்னவன் எப்படிப் பொரியும்னு உனக்குத் தெரியுமே. நாப்பதுல ஒண்ணு. என்னோடதா இருக்காது, இல்ல?"

அவள் மற்றச் செருப்பையும் காலில் மாட்டினாள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவன் சொல்வது சரி. சுவரை வைத்துப் பார்த்தால் அப்படியில்லை. அவளுக்கு அது அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"குண்டை எடுத்திருக்காங்களாம்" என்றான். "அலமாரிக் கட்டையில சிக்கியிருந்துச்சாம். நசுங்கி உருவமே தெரியலையாம். உங்க பட்டறைக்குத்தான் அனுப்புவாங்க."

"நான் அதைத் தொடக் கூடாது."

"தெரியும். ஆனா உனக்குத் தெரிய வந்தா எனக்குச் சொல்லு. என்ன வந்தாலும் சொல்லு. இப்படி நடுவுல தொங்க முடியல."

விசாரணைக் குழுவின் காகித உறை ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. உள்ளே ஒரு சின்ன டப்பா. கூடவே நான்கு ரைஃபிள்களின் எண்கள் எழுதிய தாள். நான்காவது எண்ணைப் பார்த்ததும் அவள் உறையை மூடி, நேராக ஃபோர்மேன் அறைக்குக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள்.

"இதை நான் பார்க்கக் கூடாது சார். நாலாவது என் வீட்டுக்காரரோடது."

ஃபோர்மேன் தாளைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார்.

"இங்கேயே நிக்கிறேன் சார். தொட மாட்டேன்."

அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. டப்பாவைத் திறந்தார். கொட்டைப்பாக்கு அளவுக்கு நசுங்கிய உலோகம். மேலுறை பிய்ந்து, ஈயம் பிதுங்கி, ஒரு பக்கம் செங்கல் தூளோடு இருந்தது. குறுக்களவு பார்க்க வழியே இல்லை. குழல் அதன்மேல் பதித்த வரிகளும் அழிந்துவிட்டன. அவர் அதை இடுக்கியால் எடுத்து, தோட்டா மருந்து நிறுக்கும் கண்ணாடிப் பெட்டித் தராசில் வைத்தார். எண்கள் கொஞ்ச நேரம் அலைந்து நின்றன.

ஏழு புள்ளி ஒன்று.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அந்த அறையில் யாருக்கும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்பதரை கிராம் குண்டு சுவரில் உராய்ந்து ஏழாகலாம். நான்கு கிராம் குண்டு எப்படியும் ஏழாகாது. அன்று அந்த நடையில் இருந்த பெரியவன் ஒன்றுதான்.

ஃபோர்மேன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவர் பட்டறைக்கு வந்து முப்பத்தோரு வருஷம். பொய்ச் சீட்டு எழுதியதாக அவர்மேல் ஒரு புகார் கிடையாது.

"ரொம்பச் சிதைஞ்சிருக்கு, எந்த வகைன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு எழுத எனக்கு ரெண்டு நிமிஷம் போதும்" என்றார் அவளைப் பார்க்காமல். "எடைன்னு ஒரு கட்டமே அந்தப் படிவத்துல இல்ல. நான் நிறுத்தேன்னு யாருக்கும் தெரியாது. நீ இந்த அறையில இல்லவே இல்ல. நெட்டையன் நல்ல பையன். எதுக்கு அவன் தலையில இதை ஏத்தணும்? எப்படியும் விபத்துன்னுதான் முடிப்பாங்க. யாருக்கும் தண்டனை வரப் போறதில்ல."

அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவனிடம் போய், 'சொல்ல முடியலையாம்' என்று சொல்லலாம். அவனுடைய நாற்பதில் ஒன்று அவனிடமே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அவன் கிழவனாகிவிடுவான். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள், தங்களுடையதோ என்று. எல்லாம் அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் எண் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"நாலு கிராம் குண்டு உடைஞ்சா ரெண்டாகும், மூணாகும்" என்றாள். "ஏழாகாது சார். அப்படியே எழுதிடுங்க."

"யோசிச்சுதான் சொல்றியா?"

"யோசிச்சா மாத்திச் சொல்லிடுவேன் சார்."

அவர் எழுதினார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது, அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் இருக்கிற நாளில் அவன்தான் பூண்டு உரிப்பான். பெரிய கை என்றாலும் நகம் படாமல் உரிப்பான்.

"வந்துச்சா?" என்றான்.

"வந்துச்சு."

"எவ்வளவு?"

எந்த வகை என்று அவன் கேட்கவில்லை. ஒன்பது வருஷம் அவளோடு வாழ்ந்தவன்.

"ஏழு புள்ளி ஒண்ணு."

அவன் கையிலிருந்த பல்லை உரித்து முடித்தான். அடுத்ததை எடுத்தான். அதையும் உரித்தான். கிண்ணம் நிறைந்த பிறகும் உரித்துக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அவ்வளவு பூண்டு அந்த வீட்டுக்குத் தேவையாக இருக்கவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து தோலைக் கூட்டி அள்ளினாள்.

விசாரணை முடிவைப் படித்த அன்று அவளும் போயிருந்தாள். நீளமான அறை; பிளாஸ்டிக் நாற்காலிகள். இறந்த பெண்ணின் கணவர் முன்வரிசையில் இருந்தார். மின்வேலை செய்கிறவர். சட்டைப்பையில் டெஸ்டர் செருகியிருந்தது. வேலைக்கு நடுவில் வந்திருக்க வேண்டும், இல்லை அது எப்போதும் அங்கேயே இருக்கும். அதிகாரி படித்தார்: ஒரே குண்டு, பழைய வகை ரைஃபிளிலிருந்து வந்தது, குறுக்குச் சுவரைத் துளைத்தது, உள்நோக்கம் இல்லை, விபத்து.

மின்வேலைக்காரர் எழுந்து, "அது யாரு?" என்றார்.

"பெயரைச் சொல்ல விதி இல்லைங்க" என்றார் அதிகாரி.

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். யாருன்னு தெரிஞ்சா போதும்."

"விதி இல்லைங்க."

நெட்டையன் எழுந்து நின்றான். அவன் எழுந்தால் அறை முழுக்கத் தெரியும். "நான்தாங்க" என்றான்.

மின்வேலைக்காரர் திரும்பி அவனை அண்ணாந்து பார்த்தார். அவர் குள்ளமான ஆள். என்ன செய்யப் போகிறாரோ என்று அதிகாரிகூட நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

"துணி மடிச்சிட்டிருந்தா" என்றார் அவர். "இன்னும் அரை மணி இருந்தா நான் சாப்பாட்டுக்கு வந்திருப்பேன்."

"தெரியாதுங்க. அந்தப் பக்கம் வீடு இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"ஆமா" என்றார் அவர். "வெளியில இருந்து பார்த்தா தெரியாது." அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவன் வீட்டில் இருந்தான். சண்டை கிடையாது. அவளுடைய டிபன் டப்பாவைக் கழுவி வைத்தான், குழாய் ஒழுகுவதைச் சரிசெய்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது வருகிற சின்னச் சத்தங்கள் நின்றுபோயின. அவன் மொட்டைமாடிக்குப் போனால் அவள் கீழே இருந்து காது கொடுத்துக் கேட்பாள். நடக்கும் சத்தம்கூட வராது. அவளும் அந்த நாட்களில் வேறு ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் மாட்டேன் என்றுதான் சொன்னான். இன்னொருவன் தயாராக இருந்தான். நூற்றுச் சொச்சத்தில் தேடிப் பொறுக்கியது அவள் கை. பதினேழு ஸ்பிரிங்குக்குப் பயந்தவள் அவள்.

அவன் கேட்பான் என்று தெரியும். கேட்டுவிட்டால் தேவலை என்றும் இருந்தது, கேட்காமலே போய்விட்டால் தேவலை என்றும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் ஜன்னலோரம் நின்று தலைவாரிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அன்னிக்கு என் கையில சின்னவன் இருந்திருந்தா?"

"ம்?"

"அந்தச் சுவத்தைத் தாண்டிப் போயிருக்குமா?"

சீப்பு நின்றது. பதில் அவளுக்குத் தெரியும். பட்டறையின் பின்பக்கம் அதே மாதிரிச் செங்கல்லை அடுக்கி இரண்டு ரைஃபிளாலும் சுட்டுப் பார்த்த குறிப்பு அவள் மேசையிலேயே இருந்தது, அவள் கையெழுத்தில். தராசின் முன்னால் நின்றபோது அவளுக்குக் கேட்காத ஒரு குரல் இப்போது கேட்டது: ஒரு சொல், ஒரே ஒரு சொல், இந்த மனுஷனுக்காக. அவனுக்காகத்தானா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

"போயிருக்கும்" என்றாள். "மலிவுச் செங்கல்தானே. அதுவும் தாண்டித்தான் போயிருக்கும்."

கோபம்கூட அவன் முகத்தில் வரவில்லை, களைத்துப்போனவன் முகம்.

"அந்தச் சுவத்துல மூணு குண்டு குத்திட்டு நின்னுச்சு" என்றான். "சின்னவனோட குண்டு. பூச்சுக்குள்ள. நானே விரலால தொட்டுப் பார்த்தேன். ஒண்ணுகூட அந்தப் பக்கம் போகல."

அவள் சீப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றான். "நீ தேடிக் கொடுத்ததுக்காக உன்மேல கோபம்னு நினைக்காத. கோபம் இல்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பாங்க. ஊர்ல எல்லாரும் ஆறுதல் சொல்றாங்க. ஆறுதல் சொல்ற முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுடுது. நீ ஒருத்தியாவது உள்ளதை உள்ளபடி சொல்வேன்னு இருந்தேன். அதுக்காகத்தான் கேட்டேன்."

"ஏங்க" என்றாள்.

வியாழக்கிழமை அவன் ஒரு பையோடு கிளம்பினான். ராணுவத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டிருந்தான். துறைமுக ஊரில் தெரிந்தவர் ஒருவருக்கு லாரிகள் இருந்தன. ஓட்ட ஆள் வேண்டும் என்றார். எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவள் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்போலத் தோன்றியது.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. பட்டறையில் பெரியவன்கள் ஒன்றுகூட இல்லை. ஃபோர்மேன் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவளைப் பார்த்தால் பயம். அளக்கும் படிவத்தில் 'எடை' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி எழுதினாள், சேர்த்துவிட்டார்கள். இன்னொரு கட்டமும் கேட்டிருந்தாள்: ரைஃபிள் எந்த மாதிரி இடத்துக்குப் போகிறது என்று எழுத. அதற்குப் பதில் வரவில்லை.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் அவன் போன் செய்வான். என்ன சமையல், அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது, மழை உண்டா. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாது. அவன் போனதும் துணைக்கு வந்து தங்கிய மாமியார் நடுவில் வாங்கி, எப்போது வருகிறாய் என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் கொடுப்பார். போன மாதம் ஒரு ஞாயிறு மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். அவன் பக்கம் சரக்கு ஏற்றும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள்.

"சொல்லு."

"நின்னிருக்கும். சின்னவனா இருந்திருந்தா முதல் பூச்சுலயே நின்னிருக்கும். அந்தம்மா இருந்திருப்பாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவன் சரக்குச் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

"சொல்லியிருந்தா?"

அவன் யோசித்தான். அவசரப்படாமல், சரியாகச் சொல்ல வேண்டும் என்று யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அப்பவும் போயிருப்பேன்னுதான் நினைக்கிறேன்" என்றான்.

"ம்" என்றாள் அவள். அது உண்மை என்று அவளுக்குக் கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

யாரோ அவனை லாரிக்குக் கூப்பிட்டார்கள். வைத்துவிடட்டுமா என்று கேட்டான், வையுங்கள் என்றாள். பிறகு மாமியார் எழுந்திருப்பதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டு, உலை வைக்க அடுப்படிக்குப் போனாள்.